தற்செயல் விடுப்பு

ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன்.
ஆத்தூர் மெயின் ரோடு, பகல் ஷிஃப்ட்.
மாவுத் தூசி படிந்த விரல்களில்
நகம் வெட்டும் ஒவ்வொரு ஞாயிறும்
எதையோ காட்டிக்கொடுப்பது போலிருக்கும்.

அழுங்கு நான்.
போன பிறவியில் என்று திருத்தினார் ஜோசியர்.
போயிருந்தால் ஏன் இன்னும்
மழைக்கு முந்தின மண்ணில்
எறும்பு எந்தப் பக்கம் என்று தெரிகிறது?

அப்பா பெல்ட்டை உருவும்போதெல்லாம்
தலையை வயிற்றுக்குள் செருகி உருண்டையானேன்.
யாரும் சொல்லித்தரவில்லை.
முதுகில்தான் ஏதோ குறைந்தது,
அடி நேராக உள்ளே வந்தது.

கணவரிடம் சொல்லியிருக்கிறேன்.
'சரி, அது ரசம் சாப்பிடுமா?' என்றார்.
அன்றிலிருந்து போர்வையை இழுப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை பேப்பரில்
ஏற்காடு அடிவாரச் சோதனைச்சாவடி,
ஒரு பைக், இரண்டு பேர்,
சாக்கில் செதில், நாலு கிலோ முன்னூறு.
தராசோடு படம் போட்டிருந்தார்கள்.
பிடித்தவர்கள் வரிசையாய் நின்றார்கள்,
பிடிபட்டவர்கள் முகத்தை மூடியிருந்தார்கள்.
அதற்கு முகமே இல்லை.

நெருங்கிய உறவினர் மறைவு
என்று எழுதி நீட்டினேன்.
மேனேஜர் தெய்வநாயகம் கண்ணாடியை இறக்கினார்.
'யாரும்மா?'
'மலையில இருந்தவங்க சார்.'
'எங்க, நாகலூரா?'
'ஊருன்னு இல்ல. வளை.'
வலை என்று கேட்டிருக்க வேண்டும்.
'ஏரில மீன் பிடிக்கிறவங்களா, பாவம்'
என்று கையெழுத்துப் போட்டார்.

மத்தியான பஸ்.
முதல் கொண்டை ஊசி வளைவில்
எல்லோரும் ஒரு பக்கம் சாய,
நான் சுருண்டேன்.
கண்டக்டர் ஓடிவந்து
ஒரு பாலித்தீன் பையை நீட்டினார்.