ஒற்றை வாரம், இரட்டை வாரம்

வீடு எனக்கு, மைவி அவனுக்கு,
கடன் பாதிப் பாதி.
பட்டர்வொர்த் வக்கீல் எல்லாவற்றையும்
ஒரே தாளில் அடக்கிவிட்டு
படகு என்ற சொல்லில் பேனாவை நிறுத்தினார்.
பதினெட்டு அடி ஃபைபர், பதினைந்து குதிரை யமஹா.
விற்கப் போனால் ஆள் வராது,
அறுத்துப் பங்கிட்டால் மிதக்காது.
ஒற்றை வாரம் நாகேந்திரன்,
இரட்டை வாரம் நான் என்று எழுதிக்கொண்டோம்.

பத்து மவுங் ஜெட்டியில்
நான்காவது தூண் எங்களுடையது.
சிப்பி ஒட்டிய விளிம்புவரை தண்ணீர் ஏறும்,
ஆளுயரத்துக்கு மேல் இறங்கும்,
மறுபடி ஏறும்.
நாளுக்கு இரண்டு தடவை நடக்கிற விஷயம்.
பதினொரு வருடம் சொல்லிப் பார்த்தேன்.

அவன் கட்டுவது இறுக்கி.
படகு தூணை உரசிக்கொண்டே நிற்கவேண்டும்,
கைநீட்டினால் தட்டுப்படவேண்டும்.
தளர விட்டால் போய்விடும் என்பான்.
எங்கே போகும் என்று கேட்டால்
பதிலுக்கு இன்னொரு சுற்றுச் சுற்றுவான்.

நான் விடுவது நீளமாக.
அணியத்துக் கயிறு எங்கள் தூணுக்கு,
பின்கயிறு சாய்வாக அடுத்த தூணுக்கு,
இரண்டும் நடுவில் வயிறு தொங்க.
அளவு மறக்காமலிருக்க
கயிற்றில் ஓரிடத்தில் சிவப்பு நகப்பூச்சு தடவினேன்.
படகுக்குக் கல்யாணமா என்றான்
பக்கத்துப் படகு ஹம்டான்.
அது முடிந்துவிட்டது என்றேன்.

என் வாரம் பிறக்கும்போதெல்லாம்
அவன் முடிச்சுகள் காத்திருக்கும்,
உப்பில் இறுகி, கல்லாகி.
திருப்புளியால் நெம்பி அவிழ்ப்பேன்.
ஜூன் மாதம் ஒரு விடியலில்
தண்ணீர் போய்விட்டிருந்தது,
படகு போகவில்லை.
மூக்கு தூணில் தொங்க, எஞ்சின் சேற்றில் குத்த,
ஐஸ்பெட்டி கவிழ்ந்து கிடக்க,
கொண்டி பாதி பிய்ந்து.
படமெடுத்து அனுப்பினேன், ஒரு வார்த்தை சேர்க்காமல்.
ஒரு கட்டைவிரல் வந்தது.
பழுது பார்க்க நூற்றெண்பது வெள்ளி.
மறுநாள் என் கணக்கில் தொண்ணூறு விழுந்தது,
குறிப்பு: கொண்டி.

தீபாவளி அவன் வாரத்தில் வந்தது.
அமாவாசை ஏற்றம் நள்ளிரவு கழிந்து,
வற்றம் காலை ஏழுக்குக் கொஞ்சம் முன்னால்.
ஓத அட்டவணையில்
அந்த மாதத்தின் மிகச் சிறிய எண் அது.
எனக்கு அதில் வேலையில்லைதான்.
தலையில் எண்ணெய் வைத்து
ஊறட்டும் என்று உட்கார்ந்தவள்
அரைமணி நேரம் அந்த எண்ணையே பார்த்திருந்தேன்.
பிறகு துண்டை முடிந்துகொண்டு
நைட்டிக்கு மேல் மழைச்சட்டை,
துண்டுக்கு மேல் ஹெல்மெட்,
மோட்டார் பெட்டியில் காய்கறிக் கத்தி.
அவிழாத முடிச்சென்றால் அறுத்துவிடுவது.

இருட்டில் இரண்டாம் பாலத்தின் விளக்குகள்
செபராங் பக்கம் வரிசையாய்ப் போய்க்கொண்டிருந்தன.
சேற்று வாடை. பலகைக்கு அடியில்
எதுவோ துள்ளித் துள்ளி ஊர்ந்தது.
குனிந்து பார்த்தேன்.

படகு கீழே, மிகக் கீழே,
சேற்றுக்கு ஒரு முழம் மேலே
மட்டமாய் மிதந்துகொண்டிருந்தது.

கைப்பேசி வெளிச்சத்தில்
முடிச்சின் வாயில் என் சிவப்புக் கோடு.
அதற்கு மேல் அவன் சுற்று ஒன்று,
தேவையே இல்லாமல்.
தொட்டால் வழுக்கியது.
முகர்ந்தால் நல்லெண்ணெய்.
என் கை எண்ணெய்தானோ என்று
துண்டில் அழுத்தித் துடைத்துவிட்டு
மறுபடி முகர்ந்தேன்.
மிளகு.
நான் மிளகு போட்டுக் காய்ச்சுவதில்லை,
அது அவர்கள் வீட்டுப் பழக்கம்.

அந்த அதிகப்படிச் சுற்றில்
விரல் வைத்தேன், எடுத்துவிட்டேன்.
குளுகோர் பக்கம் யாரோ
விடியுமுன்னே முதல் வெடியை வெடித்தார்கள்.
தண்ணீர் இறங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.
எவ்வளவுதான் இறங்குகிறதென்று பார்க்க
தூணில் சாய்ந்து நின்றேன்.
காதோரம் எண்ணெய் வழிந்தது.
தலை ஊறிக்கொண்டிருந்தது.