இடைத்தங்கல்

கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே
போட்டோக் கொப்பிக் கடைக்கு மேல் மாடியில்
எட்டு வருசமாக டிக்கட் போடுகிறேன்.
விமானத்தில் ஏறியதில்லை.
கட்டுநாயக்காவுக்கு இரண்டு தரம் போனேன்,
இரண்டு தரமும் கம்பிக்கு இந்தப் பக்கம்.

மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை
நற்பிட்டிமுனை இஸ்ஹாக் வந்தார்,
குவைத்தில் தண்ணீர் லொறி ஓட்டுகிறவர்.
தன் டிக்கட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.
“குவைத்துக்கும் அம்மானுக்கும் எத்துன தூரம் மிஸ்?”

தட்டிப் பார்த்தேன்.
ஆயிரத்து இருநூறு கிலோமீற்றர், கொஞ்சம் முன்பின்.
நேரே பறந்தால் இரண்டு மணித்தியாலமும் சில்லறையும்.

அவர் விரல் மடித்தார்.
இங்கிருந்து கட்டுநாயக்காவுக்கு பஸ்ஸில் ஒன்பது,
மஹியங்கனையில் தேத்தண்ணிக்கு நிற்பதையும் சேர்த்து.
“ஏர்போட்ட விட
என்ட பொஞ்சாதி கிட்டவா இரிந்திரிக்கா,
ஆறு வருசமா.”

ஜெஸீமா அம்மானில், தையல் ஆலையில்.
கால்சட்டைக்குப் பை மட்டும் வைப்பவள்,
நாளொன்றுக்கு அறுநூறு பை.
அவருக்கு லீவு இரண்டு வருசத்துக்கு ஒருக்கா,
அவளுக்கு மூன்றுக்கு ஒருக்கா.
பொது மடங்குகளுட் சிறியது ஆறு,
ஏழாம் வகுப்பில் செய்த கணக்கு.
ஆறாம் வருசமும் வந்தது.
இவர் பதினாலாம் திகதி விடிய ஏறுகிறார்,
அவள் பதினைந்து இரவு வந்து இறங்குகிறாள்.

அந்த இரண்டு மணித்தியாலத் தூரத்துக்கு நடுவில்
ஒரு முதலாளியின் மேசை லாச்சி இருக்கிறது,
லாச்சிக்குள் ஒரு பாஸ்போட்.
அதன் நீளத்தை எந்த விமானக் கம்பனியும்
கிலோமீற்றரில் போடுவதில்லை.

அவர் திகதியை ஒரு நாள் தள்ளினேன்.
மாற்றுக் கட்டணம் பதினோராயிரம்,
அங்கே ஒரு நாள் சம்பளம் வெட்டு.
இருவரும் தோஹாவில் விமானம் மாறுகிறவர்கள்.
ஆறு நாற்பதுக்கு அவர் இறங்குவார்,
ஒன்பது நாற்பதுக்கு அவள் ஏறுவாள்.
நடக்கிற நேரம், சோதனை வரிசை,
வாசல் மூடுகிற நேரம், எல்லாம் கழித்தால்
இரண்டு மணித்தியாலம் இருக்கலாம்.
நான் காணாத நிலையத்தை
ரசீதின் பின்பக்கம் கீறிக் கொடுத்தேன்:
எங்கட ஆட்கள் எல்லாரும் படம் பிடிக்கிற
அந்தப் பெரிய மஞ்சள் கரடிக்குக் கீழே.

அடுத்த கிழமை
மிச்சக் காசு நாலாயிரத்தோடு ஜெஸீமா வந்தாள்.
கண்டீங்களா என்றேன்.
“கரடிக்குக் கீழதான் மிஸ்.
மறுகா என்ன, ஊட்டுக்கு
ஓடு போடுறதா சீற்றுப் போடுறதா எண்டு
முழு நேரமும் சண்ட.
பக்கத்துல இரிந்த ரெண்டு பேர்
எழும்பிப் போயிட்டாங்க.”
முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள்.
“போன்ல சண்ட புடிச்சா
லைன் கட்டாயிரும்.
இது கட்டாகல்ல.”

காசை எண்ணி லாச்சிக்குள் போட்டேன்.
அவள் எழும்பவில்லை.
“அடுத்த முற
கொஞ்சம் கூட நிக்கிற மாதிரி
ஒண்டு இரிக்கா?”

எல்லாரும் கேட்பது குறைந்த நேரம்.
பட்டியலும் அப்படித்தான் திறக்கும், சின்னது மேலே.
மூலையில் உள்ள அம்புக்குறியைத்
தட்டவேண்டி வந்ததே இல்லை.
தட்டினேன்.
எல்லாம் தலைகீழாகப் புரண்டு
பதினேழு மணித்தியாலம் நாற்பது நிமிடம்
முதல் வரியில் வந்து நின்றது.

கதிரையை இழுத்துக்
கிட்டப் போட்டாள் ஜெஸீமா.