ஒன்று புள்ளி ஏழு

மின்சாரம் வர இன்னும் இருபது நிமிடம்.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போன பையன்
திரும்பவில்லை.
யாங்கோன், மொகல் தெரு, மூன்றாம் மாடி.
மடிக்கணினி வெளிச்சத்தில்
எங்கள் முகங்கள் மட்டும் அலுவலகத்தில் இருந்தன.

நிலார் பட்டியலை வாசித்தாள்.
குரோம், இத்தனை. சாம்சங்கின் சொந்த உலாவி, இத்தனை.
ஃபேஸ்புக்குக்குள்ளேயே திறந்து
வெளியே வரத் தெரியாதவர்கள், நம்ப முடியாத அளவு.
கடைசி வரியில் எல்லாப் பழசையும் கூட்டிப் போட்டு
ஒன்று புள்ளி ஏழு சதவீதம்.

"இரண்டுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடலாம்."
தப்பில்லை. வேறொரு நாள் என்றால்
நானே சொல்லியிருப்பேன்.
பழைய உலாவிக்காக எழுதும் ஒவ்வொரு வரியும்
பந்தல் பிரிக்கும் நேரத்தில்
ஒருவருக்காக இலை போடுவது மாதிரி.

நாங்கள் கட்டுவது மாளிகை ஒன்றும் இல்லை.
பேயின்னவுங் சந்தையில் இன்றைக்கு உளுந்து மூட்டை என்ன விலை,
துவரை என்ன விலை, பச்சைப்பயறு ஏறுமா.
அவ்வளவுதான்.
அதற்கு ஒரு வரைபடம், விரலால் இழுத்தால்
போன மாதம் வரும்.
அந்த வரைபடம்தான் பழைய கைபேசிகளில்
வெள்ளைத் தாளாக நின்றுவிடுகிறது.

சதவீதத்தை ஆளாக மாற்றிப் பார்த்தேன்.
முப்பத்தொரு கைபேசி.
அதில் ஒன்று தினமும் விடிகாலை நாலே முக்காலுக்கு வருகிறது.
உளுந்தை மட்டும் பார்க்கிறது.
ஐந்துக்குள் ஏழெட்டு முறை பார்த்துவிட்டுப்
போய்விடுகிறது.
யாரோ. எந்த ஊரோ.
மூட்டையை ஏற்றவா வேண்டாமா என்று
லாரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கலாம்.
சும்மா தூக்கம் வராதவராகவும் இருக்கலாம்.

தெட் பைங் கேட்டான்:
"பெயரைப் பார்த்துப் பிரித்துவிட்டால் என்ன?
பழையது என்றால் வாசலிலேயே
மன்னிக்கவும் என்று ஒரு பலகை."

பெயரா.
உலாவி தன் பெயரைச் சொல்லி
நீங்கள் கேட்டதில்லை.
மொசில்லா என்று ஆரம்பிக்கும், இல்லை.
கெக்கோ மாதிரி என்னும், சஃபாரி என்னும்,
சொந்தப் பெயர் கடைசியில் எங்கோ முணுமுணுப்பாய்.
ஒருகாலத்தில் அந்தப் பெயர் சொன்னவனுக்குத்தான்
நல்ல பக்கம் கிடைத்தது;
பின்னால் வந்தவன் எல்லாம் அதையே சொல்லி நுழைந்தான்.
பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

என் அட்டையில் இருப்பது அவுங் மியட்.
பள்ளிக்கூட வரிசையில் நின்றபடியே
அப்பா யோசித்து வைத்தது.
வீட்டில் சேவுகன்.
இந்த அறையில் அது யாருக்கும் தெரியாது.
தெரியக்கூடாது என்றும் இல்லை,
யாரும் கேட்கவில்லை.

"பெயர் கேட்க வேண்டாம்" என்றேன்.
சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல,
நிலார் நிமிர்ந்து பார்த்தாள்.
"இது உனக்கு வருமா என்று மட்டும் கேட்போம்.
வந்தால் வரைபடம்.
வராவிட்டால் வெறும் எழுத்தில் ஓர் அட்டவணை.
முதலில் எல்லோருக்கும் விலை போகட்டும்,
மிச்சமெல்லாம் அப்புறம்."

"எத்தனை நாள்?"
"நாலு."
ஆறு ஆகும் என்று எனக்குத் தெரியும்.
அவளுக்கும் தெரியும்.

கணக்குப் போட்டேன்.
முப்பத்தொன்றில் இருபத்தைந்து தேறும்.
மீதி ஆறு தேறாது:
அடுத்த மாதம் மாற்றப்போகும் சான்றிதழை
அவை நம்ப மறுக்கும்.
எத்தனை தட்டினாலும் கதவு வரை வராது,
பூட்டில்லாத கதவைத் திறந்துபோட
எனக்கு அனுமதியில்லை.
குறிப்பேட்டில் 'ஆதரவு இல்லை: 6' என்று எழுதி
சதவீதமாக மாற்றாமல் விட்டேன்.

அந்த நாலே முக்கால்
இருபத்தைந்திலா, ஆறிலா?
ஒரு வரி எழுதித் தேடினால் தெரிந்துவிடும்.

மின்சாரம் வந்தது.
மின்விசிறி நிலாரின் பட்டியலை
மேசையிலிருந்து தள்ளியது.
படியில் மூச்சு வாங்கும் சத்தம்.
பையன் வந்துவிட்டான்,
கேன் நிறைய டீசலோடு.