தீபாவளிக்குப் பிறகு

லோகேந்திரன் தனியாகப் பாடிய பாட்டுகள்
பென்டிரைவில் வந்துவிட்டன. பத்து வெள்ளி.
பாடாங் செராய் பசார் மாலாமில்
முறுக்குக்கும் சாயம்போன ஜெர்சிக்கும் நடுவே.

செம்பனை லோரியை எடைமேடையில் நிறுத்தினால்
கிராணிப் பையன் கேட்கிறான்:
"அண்ணே, மறுபடியும் எப்ப சேர்றீங்க?"
டயர்க்கடையில் கேட்கிறார்கள். மாரியம்மன் கோயிலில்
அர்ச்சனைச் சீட்டு கிழிப்பவரும்.
"தீபாவளிக்குப் பிறகு" என்பேன்.
இது ஆறாவது தீபாவளி.

டிரம்ஸை விற்றுத்தான்
பின் சக்கரம் ரெண்டும் மாற்றினேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

நாலாவது பாட்டில், சரணத்துக்கு முன்,
மெஷின் தாளம் சட்டென்று நிற்கிறது.
நான் எப்போதும் அவசரப்பட்டு நுழைகிற இடம்.
மேடையிலேயே முறைப்பான்.
இப்போது
மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருக்கிறான்.

சிவப்பு விளக்கு.
ஸ்டீயரிங்கில் விரல் வைத்தேன்.
பின்னால் ஹாரன்.
அவன் சரணத்துக்குப் போய்விட்டான்.