ஒரே வேளையில் அல்ல

நான்காம் பிரிவு, இரண்டாம் பத்தி:
'ஒரே வீட்டிலுள்ள இரண்டு கணினிகளில் நிறுவிக்கொள்ளலாம்.
ஒரே வேளையில் இரண்டிலும் இயக்கலாகாது.'
ஊரார் படிக்காமலே
'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்துமிடத்தில்
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
பதினோரு பக்கத்தையும் படித்தான் இல்போ.
காகித ஆலையில் தரம் பார்க்கிறவன்.
அவனைக் கட்டிக்கொண்டதே இதற்காகத்தான் என்று
ஒரு காலத்தில் சொல்லித் திரிந்தேன்.

இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள்.
இருநூற்றெழுபது யூரோ.
மாடியில் அவன் பித்தளைக் குழல்காரர்களுக்கு எழுதுவான்,
கீழே சமையலறை மேசையில்
தேவாலயப் பாடகர்களுக்கு நான்.
கெமி நகரத்து டிசம்பரில்
பகல் என்பது ஒரு மதியச் சாப்பாட்டு நேரம்.
மற்ற பொழுதெல்லாம் எங்கள் மாடிப்படியில்
ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் பேச்சு:
"மூடிட்டியா?"
"நாலே நாலு வரி பாக்கி, பொறு."
"மூடிட்டேன், நீ திற."

மகன் தனேலி சிரிப்பான்.
"யார் வந்து பார்க்கப் போறாங்க?
ரெண்டையும் திறந்தா அதுக்கே தெரியாது."
உண்மைதான்.
இல்போ சவுனாவில் இருந்த ஒரு சனிக்கிழமை
இரண்டையும் திறந்து பார்த்தேன்.
மணி அடிக்கவில்லை. எச்சரிக்கை வரவில்லை.
மாடியில் ஒரு வெள்ளைப் பக்கம், கீழே ஒரு வெள்ளைப் பக்கம்.
அவன் ஈரத்தலையோடு வருவதற்குள்
ஓடிப்போய் மேலே இருந்ததை மூடினேன்.
இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி முதல் வாரம் தோர்னியோவில் வீடெடுத்துப் போனான்.
காரணம் கேட்டவர்களுக்கு ஆளுக்கொன்று சொன்னேன்.
படகு அவனுக்கு, காபி இயந்திரம் எனக்கு,
கணினி ஆளுக்கொன்று.
மென்பொருளைப் பற்றி வக்கீல் கேட்கவே இல்லை.

'ஒரே வீட்டிலுள்ள.'
பதினோரு பக்கத்தையும் முதல்முறை நான் படித்தேன்.
'கணினி' என்றால் என்ன, இருக்கிறது.
'பிரதி' என்றால் என்ன, இருக்கிறது.
'வீடு' என்றால் என்ன என்று எங்குமே இல்லை.
நிறுவனத்துக்குப் போன் போட்டேன்.
எடுத்த பையன் கொஞ்ச நேரம் எதையோ புரட்டினான்.
"ரெண்டு பேருக்கும் கடிதமெல்லாம் ஒரே முகவரிக்கா வருது?"
"அவன் இன்னும் மாத்தலை. மாசக் கடைசியில் மாத்துறான்."
"அப்போ மாசக் கடைசி வரைக்கும் ஒரே வீடுன்னு வெச்சுக்குங்க."

அன்று சாயங்காலமே இல்போ கூப்பிட்டான்.
நலம் விசாரிக்கவில்லை.
"திறந்திருக்கியா?"
"இல்லை."
"ஒரு மணி நேரம் எடுத்துக்கறேன்."
எட்டு மணிக்கு மறுபடியும் மணி: "மூடிட்டேன்."
இப்படியே மூன்று வாரம்.
மகனைப் பற்றிக்கூட நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இருபத்தெட்டாம் தேதி இரவு பதினொன்றுக்கு அழைத்தான்.
"நாளைக்கு எனக்குத் தனியா ஒண்ணு வாங்கிடறேன்.
இன்னிக்கு மட்டும். திறந்திருக்கியா?"

கணினி உறையிலிருந்து எடுத்து மூன்று நாளாகிறது.
விளக்கைக்கூட அணைத்துவிட்டுப் படுத்திருந்தேன்.
"நாலே நாலு வரி பாக்கி," என்றேன், "பொறு."

பொறுத்தான்.
அந்தப் பக்கம் அவனுடைய புதுக் கெண்டி
கொதிக்க ஆரம்பிப்பது கேட்டது.