பொய்ப்பூச்சி

நொத்தாரிசு இன்றைக்கும் வரவில்லை.
பருத்தித்துறையில் அவர் கந்தோர்ப் படிவரை வெள்ளம்.
உறுதி நாளைக்கு என்றாள் லிகிதர்ப் பெண்,
குடையை உதறிக்கொண்டே.
ஆகவே தொண்டைமானாற்றுக்குப் போனேன்,
நாலு துண்டாய்க் கழற்றிய தடியோடு.

பெயரில்தான் ஆறு.
மலையில் பிறக்காத
உவர்நீர்.
கார்த்திகையில் தடுப்பணைக் கதவைத் தூக்கினால்
ஒரு கிழமை ஆறாக நடிக்கும்.
நான் வந்தது அந்தக் கிழமை.

நோர்வேயில் இந்நேரம்
மஞ்சள் இலைகள் தண்ணீர்மேல் காசு காசாய்ப் போகும்.
ட்ரவுட் அடியில் கல்லோடு கல்லாய்க் கிடக்கும்.
பஸ் ஓட்டாத ஞாயிறுகளில்
இடுப்பளவு குளிரில் நின்று பழகிய கை இது.
இங்கே கண்டல்கள் பச்சையாகவே நனைகின்றன.
காலம் மாறியதை நண்டுதான் சொல்கிறது,
மதகுச் சுவரில் ஏறி நின்று.

பூச்சி உள்ளூர்.
மச்சாளின் சேவலில் பிடுங்கிய கழுத்து இறகு இரண்டு,
சிவப்பு நூல்,
பிஸ்கற் பைக்கற்றின் வெள்ளித்தாள் ஒரு கீற்று.
சேவல் இன்னும் என்னைக் கண்டால்
கூரைக்கு ஏறுகிறது.

வீசுவதில் பாதி முதுகுக்குப் பின்னால் நடப்பது.
நூல் பின்னே போய் முழுதாய் விரியும்வரை
கை பொறுக்க வேண்டும்.
முதல் வீச்சு என் தலையில்.
இரண்டாவது
ஒருவரின் சைக்கிள் கரியரில்.

சைக்கிள்காரன் யோகலிங்கம்.
மடித்த சாரம், தோளில் வீச்சுவலை.
"உதென்ன, தூண்டிலோ சவுக்கோ?"
தூண்டில்தான்.
"இரை எங்கை?"
இரை இல்லை. இது பூச்சி மாதிரி.
"மாதிரியோ."
இறகை விரலால் தடவிப் பார்த்தான்.
"அப்ப மீனைப் பேய்க்காட்டுறீர்."
வலை மட்டும் என்ன சத்தியமோ என்றேன்.
"வலை ஒண்டும் சொல்லாது.
வந்து விழும், அவ்வளவுதான்."

மூன்றாம் கதவின் கீழ்
நுரை சுழன்று தெளிகிற இடத்தில்
பூச்சி விழுந்து, ஒரு முழம் ஒழுகி,
இல்லாமல் போனது.
தடி வளைந்த பிறகுதான்
நெஞ்சுக்குத் தெரிந்தது.
கொடுவாக் குஞ்சு. ஒரு சாண், நாலு விரல்.
கண் மட்டும் பெரிய மீனின் கண்.
ஈரக் கையால் பிடித்து முள்ளைக் கழற்றி
ஓட்டத்துக்கு முகம் காட்டி வைத்திருந்தேன்,
செவுள் ஒழுங்காக மூடித் திறக்கும்வரை.
பிறகு விரல்களை விரித்தேன்.

யோகலிங்கம் சாரத்தை அவிழ்த்துக் கட்டினான்.
"விட்டிட்டீர்."
ஓம்.
"பிடிச்சு விட்டிட்டீர்."
சின்னது. வளரட்டும்.
"ஆருக்கு?"
மழை பிடித்தது.
பதில் தேவைப்படவில்லை.

அவன் வலை வட்டமாய் வானில் நின்றது.
பிறகு ஈயக்குண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில்.
இழுத்ததில் திரளி ஆறேழு,
றால் கொஞ்சம், ஒற்றைச் செருப்பு,
ஒரு கொடுவா.
"உம்மட மீன்" என்று வாயைப் பிளந்து காட்டினான்.
கடைவாயில் சிவப்பு நூலின் ஓர் இழை.
சொப்பின் பையில் போட்டு முடிந்து தந்தான்.
"இதையும் விட்டா
மூண்டாந்தரம் பிடிக்க எனக்கு நேரமில்லை."

வாங்கிக்கொண்டேன்.
மச்சாள் புளி கூட விட்டுக் குழம்பு வைத்தாள்,
தலையை எனக்குப் போட்டாள்.
கண்ணை நான் தின்னவில்லை.
வேறொன்றும் மிச்சமில்லை.

மறுநாள் நொத்தாரிசு வந்தார்.
அண்ணன் பங்கு, என் பங்கு, கிணற்றில் பாதி,
வடக்கு வேலி, கிழக்கு ஒழுங்கை
என்று வாசித்துக்கொண்டே போனார்.
அண்ணன் பெயருக்கு முன்னால்
'காலஞ்சென்ற' என்று வந்த இடத்தில்
தொண்டையைச் செருமினார்.
ஒப்பமிடக் கை நீட்டினேன்.
சட்டைக் கைமடிப்பில் குத்தி மறந்திருந்த பூச்சி
தாளைக் கௌவியது.

"அசையாதையும்."
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
இரண்டு நகத்தால்
முள்ளை வந்த வழியே திருப்பி எடுத்தார்.
உறுதியில் ஒரு துளை,
கிணறு என்ற சொல்லுக்குப் பக்கத்தில்.
வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.
"பரவாயில்லை," என்றார், "செல்லும்."