மூன்று நகல்

சத்துவாச்சாரியில், கலெக்டர் ஆபீஸ் எதிரில்
ஜெராக்ஸ் கடை எனக்கு.
பக்கம் இரண்டு ரூபாய். மனு தட்டித்தர முப்பது.
திங்கட்கிழமைகளில் டீ ஆறிப்போகும்.

அஞ்சலாட்சி முதல்முறை வந்தபோது
மேசைமேல் ஒரு பாட்டில் வைத்தாள்.
மஞ்சளாக இருந்தது. கூல்டிரிங்க்ஸ் என்று நினைத்தேன்.
‘எங்க கெணத்துத் தண்ணிண்ணா.’
கூட்டம் போட வேண்டுமாம்:
நாற்பது பேர், ஒரு மைக், ஒரு சாயங்காலம்.
‘எங்கள் உரிமைப்படி கோருகிறோம்’
அவள் சொன்ன வரி. நான் தட்டினேன், அவ்வளவுதான்.

பதினோராம் நாள் மனு திரும்பியது.
மைக்கை எடுத்தேன்.
சாயங்காலத்தைக் காலையாக்கினேன்.
நாற்பது பேர் இருபதானார்கள், பிறகு பன்னிரண்டு.
‘உரிமைன்னு இருந்தா ஃபைல் நகராதுப்பா’
சிகரெட் வாங்க வந்த கிளார்க் சொன்னார், பிரியமாகத்தான்.
பேக்ஸ்பேஸ்.
கோருகிறோம் போய்
பணிந்து வேண்டுகிறோம் வந்தது.
ஒவ்வொரு முறையும் முப்பது ரூபாய் வாங்கினேன்.

பாலாறும் ஒரே ராத்திரியில் போகவில்லை.
ஒரு லோடுதானே என்றுதான்
ஒவ்வொரு லாரியும் போனது.

அனுமதி கிடைத்தது. கோஷம் கூடாது, அரைமணி நேரம்.
முந்தின ராத்திரி அதுவும் ரத்து.
விடியுமுன் பன்னிரண்டு பேரையும் வேனில் ஏற்றி
காட்பாடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள்.
மேடையில் தெர்மாகோல் எழுத்து இன்னும் பிரிக்கவில்லை:
கோகிலவாணி – தயாநிதி.
புளிசாதப் பொட்டலம் தந்தார்கள்.
சாயங்காலம் பதினோரு பேரை விட்டார்கள்.
முனிரத்தினத்தை மட்டும் தொரப்பாடி ஜெயிலுக்கு.
சாட்சியப் பட்டியலில் நாலாவது:
மனு, மூன்று நகல்.
என் மெஷினின் கறுப்புக் கோடு
ஓரத்தில் இருக்குமே, அதை வைத்து
கடைக்கு வந்தார்கள்.
அடிக்கவில்லை. அதட்டக்கூட இல்லை.
‘மனு தட்ட வர்றவங்க ஆதார்
ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோங்க.’
வைத்துக்கொள்கிறேன்.
பச்சை ஃபைல், மூன்றாம் தட்டு.
அகர வரிசையில் அடுக்கியது
அவர்கள் சொல்லி அல்ல.

நேற்று அஞ்சலாட்சி வந்தாள்.
முனிரத்தினத்தின் மகளும் கூட.
பாட்டில் வைக்கவில்லை, முப்பது ரூபாய் வைத்தாள்.
‘அந்த மொத வரியவே போடுண்ணா.
மாத்தாத.’

கரண்ட் இல்லையே என்றேன்.

தலைக்குமேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.
மூன்று பேரும்
அண்ணாந்து பார்த்தோம்.